மாமனாரின் காது

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருநாள் ஒரு பையன் தலையில் குட்டி, "மண்டையில மூளை இருக்கா, களிமண் இருக்கா?" என்று கேட்டார். கேட்டதற்குப் பையன் அழுதிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவன் சிரித்துவிட்டான். வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பேர் களிமண். தலை நரைத்தும் உரியவில்லை. வாத்தியாரின் வாய்முகூர்த்தமோ என்னவோ, பிழைப்பும் களிமண்ணிலேயே அமைந்தது. இப்போது தொலைபேசியை எடுத்தால் அவரே "களிமண்ணுதான் பேசுறேன்" என்கிறார். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

அவருக்கு மியூசியத்தில் உருவம் செய்கிற வேலை. கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, மெழுகு வாசம் அடிக்கும் ஒரு நீள அறை அவருடையது. சுவர் முழுக்கக் கொம்புகள், பற்கள், கண்ணாடி விழிகள். புதிதாக வருகிறவர்கள் அங்கே டீ குடிக்கத் தயங்குவார்கள். களிமண் அந்த விழிகளுக்கு நடுவில் மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிடுவார். உலகத்தில் எந்தக் காலத்திலோ இருந்து போன பிராணிகளுக்கு எலும்பை வைத்து உடம்பு கொடுப்பது அவர் தொழில்.

அறையின் மூலையில் மூடி போட்ட பெரிய அண்டா ஒன்று உண்டு. அதில் எண்ணெய் சேர்த்துப் பிசைந்த மண் இருக்கும், அது காயாது. உருவம் முடிந்து அதன்மேல் அச்சு எடுத்தானதும், மண்ணைப் பிய்த்து மறுபடி அண்டாவில் போட்டுவிடுவார். அடுத்த பிராணி அதிலிருந்துதான் வரும். புது மண் வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பார். பழகின மண்தான் சொன்ன பேச்சு கேட்கும் என்பது அவர் கட்சி. அந்த மண் முதலில் மீனாக இருந்தது, அப்புறம் கால் முளைத்த மீன், அப்புறம் முதலைக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பிராணி, கடைசியாக ஒரு கரடிக்குட்டி.

இவ்வளவும் வார நாட்களில். வாரக் கடைசியில் இதே மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தெருக்கோடிப் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று வேதம் வாசிப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிறார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மாமனார் பெண் கொடுத்தார் என்று ஊரில் பேச்சு. "அங்க கடவுள் படைச்சாருங்கற, இங்க மீனுக்குக் கால் முளைக்க வைக்கிற, எதுய்யா நெசம்?" என்று யாராவது மடக்கினால், "ரெண்டு எடத்துலயும் என்னை நம்பித்தானே வேலை குடுத்திருக்காங்க" என்று சொல்லி நழுவிவிடுவார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கேலி செய்தார்கள். அவர் இரண்டு காலையும் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

மாமனார் சலூன் வைத்திருந்தவர். கூடத்தில் முன்வரிசை, இடது ஓரம் அவர் இடம். மருமகன் வாசிக்கும்போது ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி கேட்பார். வேதம் கடைசிப் பக்கத்தை எட்டியதும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது அந்தக் கூடத்தின் வழக்கம். கடவுள் மண்ணை எடுத்து மனிதனை உருவாக்குகிற முதல் பக்கத்தை எப்போதும் களிமண்தான் வாசிப்பார். வாசித்து முடித்து வெளியே வந்தால் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் சரி மாப்ளே, மண்ணு வர்ற எடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா படி" என்பார். களிமண்ணும் ஒவ்வொரு முறையும் மெதுவாக்கிப் பார்த்தார். குறை தீரவே இல்லை.

ஒரு தடவை மாமனார் மியூசியத்துக்கும் வந்தார். கால் முளைத்த மீனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பாவம், கரையேற எவ்வளவு பாடுபட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. முன்வரிசை இடது ஓரம் அன்றிலிருந்து காலி.

சண்டை அதற்கப்புறம் வந்தது. மியூசியத்தில் ஆதி மனிதனுக்கென்று புது அறை திறக்க ஏற்பாடானது. உருவம் செய்யச் சொல்லிக் களிமண்ணிடம் ஒரு மண்டையோட்டின் வார்ப்பைக் கொடுத்தார்கள். இந்தச் செய்தி அவருடைய மச்சான் காதுக்குப் போயிற்று. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இப்போது சலூன் அவர் கையில். வாரம் ஒருமுறை தங்கை வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கும் முன்னே ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ளே, குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னு பொம்மை செய்யப் போறியாமே?"

"குரங்கில்ல மச்சான். ஆதி மனுஷன். ஒரே ஒரு ஆளு."

"கடவுள் படைச்சாருன்னு படிக்கிறதும் இதே ஆளு, இதைச் செய்யிறதும் இதே ஆளு. ரெண்டுல எது பொய்?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வழக்கம்போல நழுவியிருக்கலாம். அன்றைக்கென்று களிமண்ணுக்கு ஒரு யோசனை நன்றாகத் தோன்றிவிட்டது.

"என் அண்டா மண்ணை எடுத்துக்குங்க மச்சான். மொதல்ல அது மீனு. அதையே மாத்தி மாத்தித்தான் கரடி வரைக்கும் வந்திருக்கு. ஆனா கரடியை யாரு செஞ்சதுன்னு கேட்டா நான்தானே? மாறினதும் நெசம், செஞ்சதும் நெசம். கடவுளும் அப்படித்தான் ஏதோ..."

"ஓஹோ. நீயும் கடவுளும் ஒரே பட்டறையா?"

களிமண்ணின் மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வருகிறவள். சிரிக்க ஒரு சாக்கு கிடைத்தால் விடமாட்டாள். அந்தச் சிரிப்பு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆயிற்று. மச்சான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுந்து கையைக் கழுவினார்.

"உங்க வம்சம் வேணா குரங்குல இருந்து வந்ததா இருக்கட்டும். எங்க அப்பா அப்படிப் பொறந்தவரில்ல. இந்தத் தடவை மொதல் பக்கத்தை நீங்க படிச்சீங்கன்னா, எல்லாரும் பாக்க எந்திரிச்சு வெளிய போவேன். சொல்லிட்டேன்."

வா போ என்று பேசுகிற மனிதர் வாங்க போங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அடி விழுந்திருந்தால்கூடக் களிமண்ணுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு மச்சான் வரவில்லை. வாரா வாரம் ஒரு தட்டு அலமாரியிலேயே இருந்தது. களிமண் முடிவெட்டிக்கொள்ளப் போகவில்லை; வேறு கடைக்குப் போவதற்கும் மனம் வரவில்லை. முடி காதை மூடிக் கழுத்தில் இறங்கியது. "அந்த ஆதி மனுஷனுக்கு ஆளு தேட வேண்டியதில்ல, நீங்களே போய் நில்லுங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் திரும்பிக் கொண்டாள். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அப்பாவும் போன பிறகு அந்த ஒரு ஆள்தான் பிறந்த வீடு. அதை நினைத்தால் களிமண்ணுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் வேலை நடந்தது. மண்டையோட்டின் மேல் எங்கே எவ்வளவு சதை இருக்கும் என்பதற்குச் சின்னச் சின்ன ஆப்பு குத்தி அளவு வைப்பார்கள். அந்த அளவுக்கு மண்ணைப் பட்டை பட்டையாக வைத்துக் கன்னம், தாடை, நெற்றி எல்லாம் ஏற்ற வேண்டும். எலும்பு நிறையச் சொல்லும். மூக்கு எவ்வளவு அகலம், பல் எப்படி, தாடை எவ்வளவு கனம் என்று எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். அந்த மனிதன் எப்படிப் பார்ப்பான், எதைக் கேட்டால் நெற்றி சுருங்கும் என்று எந்த எலும்பும் சொல்லாது. அதைச் செய்கிறவன்தான் தன் கையிலிருந்து போட வேண்டும். களிமண்ணும் போட்டார், எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்காமலே போட்டார்.

கண்டுபிடித்தது மனைவி. அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒரு மத்தியானம் அறைக்கு வந்தாள். மேசை மேலிருந்த தலையைப் பார்த்தாள். கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இது எங்கப்பா."

"என்ன உளறுற?"

"உளறலங்க. தள்ளி வந்து பாருங்க."

தள்ளி வந்து பார்த்தார். நெற்றி முன்னால் தள்ளியிருந்தது, தாடை பெரிசு, மூக்கு அகலம், அதெல்லாம் எலும்பு கேட்டபடி. ஆனால் ஒற்றைப் புருவம் தூக்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ எதையோ வாசிக்க, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற முகம். இத்தனை வருஷம் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தும் போதெல்லாம் கண்ணில் பட்ட முகம் விரல் வழியாக இறங்கியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். இவர் குரங்கு பிடிக்கப் போய் அது மாமனாராக முடிந்திருக்கிறது.

மனைவி சிரிக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் பாத்தா அவ்வளவுதான். அதோட ஒறவு முடிஞ்சது" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "ஆனா அழிச்சுடாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அச்சு எடுக்க வேண்டும். அச்சு எடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. களிமண் கத்தியை எடுத்தார். புருவத்தை இறக்கி வாயை மூடிவிட்டால் யாரோ ஒரு ஆதி மனிதன். யாருக்கும் தெரியாது, மச்சானும் ஒருநாள் கோபம் தணிந்து வந்துவிடுவார். கத்தியைப் புருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகம் அவருக்குக் காதுகொடுத்துக்கொண்டே இருந்தது. அவரால் முடியவில்லை. மண்ணைப் பிய்த்து அண்டாவில் போட என்றைக்கும் தயங்காத கை அன்றைக்கு மறுத்தது. அழிக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது என்றால் போய்ச் சொல்வது ஒன்றுதான் மிச்சம். கத்தியை வைத்துவிட்டு நேரே சலூனுக்கு நடந்தார்.

சலூன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரை எழுந்து போகச் சொல்வது அந்தக் கடையில் கிடையாது. அது மாமனார் போட்ட சட்டம். மச்சான் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே முடிந்தார். கத்தரி பேச ஆரம்பித்தது. இடப்பக்கம் முடிந்து சவரக்கத்தி கழுத்துக்கு வந்தபோது, களிமண் கண்ணாடியில் மச்சான் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அதைவிட மோசமான நேரம் கிடையாது.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த உருவத்துக்கு மாமா முகம் வந்துருச்சு."

சவரக்கத்தி நின்றது.

"என்ன வந்துருச்சு?"

"மாமா முகம். நான் வேணும்னு செய்யல. நாளைக்கு அச்சு எடுத்துருவாங்க. நீங்க பாத்து, வேண்டாம்னா இப்பவே பிச்சுப் போட்டுடறேன்."

மச்சான் கத்தியை மடக்கினார். முகம் கறுத்துப்போயிருந்தது. துணியை உருவி உதறினார். "எந்திரிங்க. போய்ப் பாக்கலாம்" என்றார். பாதித் தலை மொட்டையாகவும் பாதித் தலை புதராகவும் களிமண் கடைத்தெரு வழியே பின்னால் ஓடினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது காதிலேயே ஏறவில்லை.

அறைக்குள் மச்சான் வேகமாகத்தான் நுழைந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே நுழைந்தார் என்றுகூடச் சொல்லலாம். தலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். சுற்றி ஒருமுறை நடந்தார். சலூனில் ஆளை உட்கார வைத்துவிட்டு எங்கே ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அந்த நேரம் பார்த்து எலும்பு மேடம் உள்ளே வந்தார். மியூசியத்தில் எலும்புகளைப் பற்றி ஆராய்கிறவர், ஆதி மனிதனின் புது அறைக்கும் அவர்தான் பொறுப்பு. சாமி கும்பிடுகிற வழக்கம் இல்லாதவர். பாதித் தலையோடு நிற்கும் களிமண்ணையும் உருவத்தைச் சுற்றி நடக்கும் புது ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் மச்சான், மேடம்" என்றார் களிமண், அதிலேயே எல்லாம் விளங்கிவிடும் என்பது போல.

மச்சான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"காது தப்பு."

"என்ன மச்சான்?"

"அப்பாவோட எடது காது இப்படி இருக்காது. மேல்மடிப்பு உள்ள பாத்துச் சுருண்டிருக்கும். கத்தரி போகும்போது மடிச்சுப் பிடிக்கணும், இல்லன்னா வெட்டிரும். எனக்குத் தொழில் கத்துக்குடுத்ததே அந்தத் தலையிலதான். கடைசி வரைக்கும் நான்தான் வெட்டிவிட்டேன். எனக்குத் தெரியாதா?"

களிமண் எலும்பு மேடத்தைப் பார்த்தார். "காது எலும்புல தெரியாது. எப்படி வேணா இருந்திருக்கலாம்" என்றார் மேடம். "நீங்களே காட்டுங்களேன்."

மச்சான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மண்ணைத் தொட்டார். இரண்டு விரலால் அந்தக் காதின் மேல்மடிப்பைப் பிடித்து உள்ளே சுருட்டினார். அளவு பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, விரலுக்கே தெரிந்திருந்தது. பிடித்த காதை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "உன் தலைமுடிதான், கண்ணுல விழுந்துருச்சு" என்றார். களிமண்ணும் ஆமாம் என்றார். அவர் கண்ணிலும் அதே முடி விழுந்திருந்தது.

"முடி என்ன பண்ணப் போறீங்க?" என்று மேடத்திடம் கேட்டார் மச்சான்.

"தோள் வரைக்கும் நீளமா விடுவோம். அந்தக் காலத்துல கத்தரி இல்லையே."

"கத்தரி இல்லன்னா என்னம்மா? புள்ளைகூடவா இல்லாமப் போயிருக்கும்? அப்பன் கண்ணுல முடி விழுந்தா, கூர்க்கல்லை வெச்சாவது வெட்டிவிட்டிருப்பான்ல?"

மேடம் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "இருக்காதுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. நீங்க வந்து வெட்டித் தர்றீங்களா?"

"வர்றேன். ஆனா ஒண்ணு. நான் இதையெல்லாம் நம்பல. எங்க அப்பா இந்த ஆளோட பேரன்னு யாரு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

"சரிங்க" என்றார் மேடம்.

"ஆனா இவருக்கு எங்க அப்பா முகம் இருக்கு. அதனால கூனிக் குறுகி நிக்க வைக்காதீங்க. மரியாதையா உக்கார வைங்க."

உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. சலூனுக்குத் திரும்பி மீதித் தலையையும் வெட்டினார் மச்சான். அந்த வாரக் கடைசியில்தான் மறுபடி முதல் பக்கம் வாசிக்கிற முறை; அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. களிமண்ணுக்கும் கேட்கப் பயம். காது சரியாயிற்று, மனம் சரியாயிற்றா என்று தெரியாமலே அந்த வாரம் முழுக்கப் புரண்டார். "வேற யாரையாவது படிக்கச் சொல்லலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். "எங்கப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

வாரக் கடைசி வந்தது. கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசை இடது ஓரம் காலி. மச்சானைக் காணோம். களிமண் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைத் தொடங்கியபோதுதான் அவர் உள்ளே வந்து கதவோரம் நின்றார். வெளியே போக வசதியான இடம். விஷயம் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். களிமண் நிறுத்தாமல் வாசித்தார். வெளிச்சம் வந்தது, தண்ணீர் பிரிந்தது, செடி கொடிகள் வந்தன. கதவோரம் ஓர் அசைவு. மச்சான் நகர்ந்தார். எல்லாரும் பார்க்க நடுவழியே நடந்து முன்னால் வந்தார். அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார்.

மண் வந்த இடத்தில் களிமண் மெதுவாக, வார்த்தை வார்த்தையாக வாசித்தார். நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்தினார். முன்வரிசையில் ஒற்றைப் புருவம் தூக்கியிருந்தது.

முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். படியருகில் மச்சான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தங்கை இன்றைக்குச் சமைத்திருக்கிறாளா என்று கேட்டார். இரண்டு நாளாகச் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார் களிமண். சரி என்று தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார் மச்சான்.

"எல்லாம் சரி மாப்ளே. மண்ணு வர்ற எடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா படி."